கண்டல்துறைப் பாப்பரசரும் மூன்று மருமக்களும்

என் பெரியப்பா பேதுருப்பிள்ளையை ஊரில் யாரும் முகத்துக்கு நேரே பாப்பரசர் என்று கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே அவர் மூப்பர். கண்டல்துறை அந்தோனியார் கோயிலில் பங்குச் சுவாமிக்கு அடுத்தபடி அவர்தான். சுவாமிக்கு மூன்று கோயில்கள் என்பதால் வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இருக்கமாட்டார். அந்த ஐந்து நாளும் பெரியப்பா சுவாமிக்கும் மேலே. அவர் ஒழுங்கையில் திரும்பி முதுகைக் காட்டிய பிறகுதான் பாப்பரசர் ஆவார். அந்தப் பட்டத்தை வைத்தவன் நான். நான் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவன், ஆகவே பட்டம் வைக்கிற அளவுக்குத் திருச்சபை வரலாறு தெரியும்.

இதை எழுதும் இந்தத் தொண்ணூற்றைந்து மார்கழியில், இராணுவத்துக்குப் பயந்து, எங்கள் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சியில் கிடக்கிறது. நான் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பறையில், மூன்று குடும்பங்களுக்கு நடுவே, பிள்ளைகள் இருக்கிற ஒரு வாங்கை மேசையாக்கி எழுதுகிறேன். பெரியப்பா கொடிகாமத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் இருக்கிறாராம். அங்கே கஞ்சி வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார் என்று கேள்வி. அவர் உயிரோடுதான் இருக்கிறார். நான் எழுதுவது பொய் என்றால் வந்து சொல்லலாம்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அவருடைய தம்பியின் மகன். எங்கள் முறையில் தம்பி மகன் பெறாமகன். சகோதரி மகன்தான் மருமகன். பெறாமகனுக்குப் புத்திமதி கிடைக்கும், மருமகனுக்குப் பதவி கிடைக்கும். என் அப்பா ஆணாகப் பிறந்த குற்றத்துக்காக நான் பன்னிரண்டு வருஷம் புத்திமதி கேட்டேன். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் இன்னொரு பாவம் கூடும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வரைக்கும் பெரியப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். சவர்க்காரம், தேயிலை, மெழுகுதிரி விற்கிற சின்னக் கடை. அதை எரித்துவிட்டார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது உடுத்த சாரமும், படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு கண்ணாடிப் படமும்தான் அவரிடம் மிச்சம். அது ரோமாபுரியிலிருந்து காசு கட்டி எடுப்பித்த பாப்பரசரின் ஆசீர்ப் படம். கடையில் என்ன தப்பியது என்று கேட்டவர்களிடம், "பாப்பரசர் தப்பிட்டார், அது காணும்," என்றார். ஊர் உருகிப்போனது. பழைய மூப்பர் அந்த வருஷம்தான் செத்திருந்தார். மூன்று பாஷையிலும் கடிதம் எழுதத் தெரிந்த, எல்லாவற்றையும் இழந்து விசுவாசத்தை மட்டும் இழக்காத மனிதரை விட்டு வேறு யாரை மூப்பராக்குவது?

சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் நடந்தது. கோயில் கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவித்தார். கைதான பொடியளின் தாய்மாருக்கு இராணுவ முகாமுக்கும் அரசாங்க அதிபருக்கும் இங்கிலீசிலும் சிங்களத்திலும் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஊருக்கு வந்த கடிதங்களை, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டினார். ஒரு சதம் வாங்கியதில்லை. பெரியம்மா முன்னமே காலமாகிவிட்டா. பிள்ளைகள் இல்லை. ஆனால் சகோதரிகள் மூன்று பேர் இருந்தார்கள், ஆளுக்கொரு மகன் இருந்தான்.

பாப்பரசருக்குப் பிள்ளை இருக்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். சகோதரி இருக்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. கோயில் அலுமாரியில் கறையான் பாதி தின்ற வரலாற்றுப் புத்தகம் ஒன்று கிடந்தது. தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்தேன். பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு பாப்பரசர் தன் சகோதரி மகனை இருபத்தைந்து வயதில் கர்தினால் ஆக்கினாராம். அந்த மருமகன் பிறகு தானே பாப்பரசராகி, தன் சொந்த மகனையே கர்தினால் ஆக்கினாராம். இன்னொருவர் பதவிக்கு வந்த கையோடு பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்தார். ஒருவனுக்கு வயது பதினாலு, மற்றவனுக்குப் பதினாறு. வேறொருவர், குரங்கு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன் ஒருவனைத் தன் சகோதரனைக் கொண்டு தத்தெடுக்க வைத்துக் கர்தினால் ஆக்கினார். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டில்தான் ஒரு பாப்பரசர், இனி இந்த வேலை கூடாது என்று கட்டளை போட்டார். முந்நூறு வருஷம் ஆகியும் அந்தக் கட்டளை கண்டல்துறைக்கு வந்து சேரவில்லை. பொருளாதாரத் தடை காரணமாக இருக்கலாம்.

மூத்த சகோதரியின் மகன் ரெஜினோல்ட் ஒலிபெருக்கிப் பொறுப்பாளன் ஆனான். மின்சாரம் நின்று ஐந்து வருஷம் ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. பொறுப்பாளன் மட்டும் முன் வாங்கில் இருந்தான். இரண்டாமவளின் மகன் மரியநாயகம் பாடகர் குழுத் தலைவன். அவன் பாடினால் பூசைக்கு வந்த நாய்கள் எழுந்து போகும். கடைசிச் சகோதரி பிரகாசியம்மாவின் மகன் அலோசியஸ்தான் செல்லம். நிவாரணப் பால்மா வந்தால் பங்கிடுவது அவன், திருநாளில் சுரூபக் கூட்டின் முன்கொம்பைத் தூக்குவது அவன், சுவாமியின் சைக்கிளை ஓடுவதும் அவன்.

ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"பெரியப்பா, ஊரிலை வேறை பொடியளே இல்லையே?"

அவர் கோபிக்கவில்லை. அவர் வேதாகமத்தோடு தயாராக இருந்தார். "டேய் பிலேந்திரன், யேசு ஆரைக் கூப்பிட்டவர்? பேதுருவைக் கூப்பிட்டார். பிறகு? பேதுருவின்ரை சகோதரன் அந்திரேயா. யாக்கோபு, அவன்ரை சகோதரன் யோவான். பன்னிரண்டு பேரிலை நாலு பேர் அண்ணை தம்பி. காட்டிக் குடுத்த யூதாசு ஆரின்ரை சொந்தம், சொல்லு பாப்பம்? ஒருத்தற்றை சொந்தமும் இல்லை. அந்நியனை நம்பினா அதுதான் நடக்கும்."

ஞானோபதேச ஆசிரியன் நான் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு அப்போஸ்தலரையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

இனிச் சிமியோனைப் பற்றிச் சொல்லவேண்டும். சிமியோன் கோயில் மணிக்காரர். மூன்று வேளை மணி அடிப்பார், பீடம் துடைப்பார், மெழுகுதிரி ஏற்றி இறக்குவார். தடைக் காலத்தில் மெழுகுதிரி கிடைக்காதபோது, உருகி வழிந்த மெழுகைப் பிச்சுவாக் கத்தியால் சுரண்டிச் சேர்த்து, காய்ச்சி, பப்பாசிக் காம்புக்குள் ஊற்றிப் புதுத் திரி செய்தவர் அவர்தான். முப்பத்திரண்டு வருஷம் இந்த வேலை. மனைவி இல்லை. ஒரே மகன் சூசைநாதன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது தொண்ணூறில் பொலிசார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. தெற்கே ஒரு சிறையில் மறியலில் இருந்தான். செஞ்சிலுவைக்காரர் மூலம் மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். ஐந்து வருஷமாகச் சிமியோன் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. தனியாகப் போய்ப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலம் தெரியாது. கிளாலிக் கடல், வவுனியாவில் அனுமதி, கொழும்பில் பொலிஸ் பதிவு, தங்க இடம், சிங்களம். அறுபத்தொரு வயது மனிதருக்கு இதில் ஒன்றுக்கும் வழியில்லை.

அப்போதுதான் பாப்பரசர் கொழும்புக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. நான் சொல்வது ரோமாபுரிப் பாப்பரசரை. தொண்ணூற்றைந்து தை மாதம். சண்டையும் நின்றிருந்தது. பங்குக்கு நாலு பேர் போகலாம், பஸ், தங்குமிடம், பாதையில் காட்டக் கடிதம் எல்லாம் ஒழுங்கு என்று அறிவித்தார்கள். போகிறவர்கள் கோயில் ஊழியம் செய்கிறவர்களாக இருக்கவேண்டும். எங்கள் பங்குக்கு எழுதி வந்த நாலு இடம்: மூப்பர், ஆலயப் பணியாளர், பாடகர் குழுத் தலைவர், ஞானோபதேச ஆசிரியர். ஆலயப் பணியாளர் என்றால் மணிக்காரர். சிமியோனுக்கு அதில் சந்தேகமே இல்லை. மார்கழியிலேயே மகனுக்கு எழுதிவிட்டார்: பாப்பரசர் வாறார், நானும் வாறன், உன்னைப் பாப்பன்.

எனக்கும் சந்தேகம் இல்லை. நானும் சப்பாத்துக்கு மினுக்கம் போட்டு வைத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோன விஷயம், மூப்பருக்கு மருமக்கள் மூன்று பேர் என்பது. பதவியில்லாதவனுக்கு இடம் கொடுக்கமுடியாது. ஆனால் இடத்துக்கு ஏற்றபடி பதவியைக் கொடுக்கலாம் அல்லவா? மூன்று இராசாக்கள் திருநாளன்று பூசை முடிந்ததும் பெரியப்பா பீடத்துக்கு முன்னால் நின்று மூன்று இராசாக்களை அறிவித்தார். மரியநாயகம் முன்னமே பாடகன். ஒலிபெருக்கி ரெஜினோல்ட் இன்று முதல் ஞானோபதேச ஆசிரியன். அலோசியஸ் ஆலயப் பணியாளன். பழையவர்கள் செய்த சேவைக்கு நன்றி, எல்லாரும் கை தட்டுங்கோ என்றார். பத்துக் கட்டளையில் எது ஆறாவது என்று ரெஜினோல்டுக்குத் தெரியாது. அலோசியஸ் அன்று நண்பகல் மணி அடிக்க ஒன்றரை மணிக்கு வந்தான்.

நான் கத்தினேன். கோயில் முற்றத்தில் நின்று என் இடத்துக்காகக் கத்தினேன். என் சப்பாத்துக்காகக் கத்தினேன் என்றும் சொல்லலாம். சிமியோனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரம் அது என் நினைவிலேயே வரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சிமியோன் கத்தவில்லை. கூட்டம் கலையும்வரை நின்று, பெரியப்பாவின் அருகில் போனார்.

"மூப்பர், மணியை அலோசியஸ் அடிக்கட்டும். நான் இனி அதைக் கேக்கேல்லை. பேரை மட்டும் அந்தத் தாளிலை விடுங்கோ. என்ரை பிள்ளையை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

பெரியப்பா நெற்றியைச் சுருக்கினார். "சிமியோன், நீர் விளங்காமல் கதைக்கிறீர். இது பாப்பரசரைத் தரிசிக்கத் தந்த இடம். அதிலை ஏறிப்போய் வேறை அலுவல் பாக்கிறது பாவம். பரிசுத்த காரியத்தை உப்பிடிப் பாவிக்கக்கூடாது."

"அவர் கோவிக்கமாட்டார், மூப்பர்."

"ஆர்?"

"பாப்பரசர்."

"அதை நீர் தீர்மானிக்கேலாது," என்றுவிட்டுப் பெரியப்பா குடையை விரித்தார்.

அடுத்த வாரம் நால்வருக்கும் பாஸ் எடுக்கப் போனார்கள். அந்தக் காலத்தில் குடாநாட்டை விட்டு வெளியே போகப் பொடியளின் பாஸ் வேண்டும். பொடியள் என்றால் இயக்கம். ஊரில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. இளம் வயதுக்காரர் போவதானால் ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவன் சொன்ன தேதிக்குத் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். வீடு வளவு இருந்தால் அதுவும் பதில் சொல்லும். மூன்று மருமக்களுக்கும் பிணை நிற்க ஊரில் ஆள் தேடினார்கள். பால்மா பங்கீட்டில் அலோசியஸைக் கண்டவர்கள் ஒருவரும் வரவில்லை. கடைசியில் பெரியப்பாவே பேனையை எடுத்து மூன்று பேருக்கும் கையெழுத்து வைத்தார்.

பாஸ் கந்தோரில் இருந்த பொடியன் மரியாதையானவன். "ஐயா, நீங்களும் பயணம் போற ஆளோ?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி. நான்தான் மூப்பர்."

"அப்ப ஏலாது ஐயா. பிணை நிக்கிற ஆள் இஞ்சை நிக்கவேணும். நீங்களும் போட்டியள் எண்டா நாங்கள் ஆரைப் பிடிக்கிறது?"

வீட்டுச் சுவரில் பாப்பரசரின் ஆசீரைத் தொங்கவிட்ட மனிதர், மருமக்களைப் பாப்பரசரிடம் அனுப்புவதற்காகத் தான் பாப்பரசரைப் பார்க்காமல் நின்றார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. வெள்ளை வேட்டியையும் கோட்டையும் கரிப்பெட்டியால் தேய்த்து மடித்து வைத்திருந்தார். அன்றைக்கு எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அந்தப் பாவம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. ஏனென்றால் இப்போது ஒரு இடம் மிச்சம். சிமியோன் காலையிலேயே ஒரு சின்னத் துணிப்பையோடு பெரியப்பா வீட்டுப் படலையில் வந்து நின்றார். பைக்குள் பனங்கட்டிக் குட்டான் இரண்டும், மகனுக்கு ஒரு சேட்டும். கேட்கவில்லை, நின்றார். ஊரும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது. பெரியப்பா வெளியே வந்து, நாலாவது இடம் பிரகாசியம்மாவுக்கு என்றார்.

"தாய் ஒண்டு கூடப் போனாத்தான் பொடியளைக் கட்டி மேய்ச்சுக்கொண்டு வரலாம்," என்று அவர் விளக்கமும் சொன்னார். "சொன்ன தேதிக்குத் திரும்பி வரவேணுமெல்லே, சிமியோன். நான் பிணை நிக்கிறனான். உமக்கு விளங்கும்தானே?"

சிமியோன் தலையாட்டினார். பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அன்றைக்கு அலோசியஸ் பயணத்துக்கு உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்ததால், நண்பகல் மணியைச் சிமியோன்தான் அடித்தார்.

நாலு பேரும் கொடிகாமம் வழியாகக் கிளாலிக்குப் போய் வள்ளம் ஏறினார்கள். ஊர் வழியனுப்பியது. பெரியப்பா ஒவ்வொரு மருமகனின் நெற்றியிலும் சிலுவை போட்டார். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவர் ஊரை ஏமாற்றினார், மருமக்கள் அவரை ஏமாற்றினார்கள், அவ்வளவுதான்.

பாப்பரசர் வந்தார், கடற்கரைத் திடலில் பூசை வைத்தார், போனார். மற்றப் பங்குக்காரர் செபமாலையும் படங்களும் கொண்டு திரும்பி வந்தார்கள். எங்கள் நாலு பேரும் வரவில்லை. தவணை பதினாலு நாள். பதினைந்தாம் நாள் பெரியப்பா ஒழுங்கை முகப்பில் கதிரை போட்டு இருந்தார். மாசி பிறந்த பிறகு பிரகாசியம்மாவின் கடிதம் வந்தது. பொடியள் மூன்று பேரும் ஏஜென்சிக்காரன் மூலம் ஜேர்மனி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தான் கொழும்பில், அலோசியஸ் தன்னைக் கூப்பிடும் ஸ்பொன்சர் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாவாம். கடைசி வரி: 'அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்.'

அந்தோனியார் பார்க்க முந்தி இயக்கப் பொடியள் பார்த்தார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. வீட்டை எடுத்துக்கொண்டார்கள். தினமும் காலை எட்டு மணிக்குக் கந்தோருக்கு வந்து கையெழுத்து வைத்து, மத்தியானம் வரை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷம் மற்றவர்களை வாங்கில் காக்க வைத்தவர் அந்த வாங்கின் நுனியில் இருப்பதை ஊர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நானும் போனேன். இரண்டு தரம் போனேன். பெரியப்பா கோயில் சாமான் அறையில் பாய் போட்டுப் படுத்தார். என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. நான் கூப்பிடவில்லை. பெறாமகனுக்குப் புத்திமதிதானே தந்தீர்கள், அதைப் போர்த்துக்கொண்டு படுங்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

சிமியோன் மறுபடி மணி அடித்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. கயிறு தொங்கியது, அடித்தார்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிலுவைக் கடிதங்கள் வந்தன. சுவாமி பழக்கதோஷத்தில் கட்டைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார். பெரியப்பாவும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடைசிக் கடிதம் சிமியோனுக்கு. சிமியோனுக்குக் கிட்டப்பார்வை போய்விட்டது. எப்போதும் போல, "வாசியுங்கோ மூப்பர்," என்று சொல்லிவிட்டு எதிரே குந்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். செஞ்சிலுவைக் கடிதம் உறை இல்லாத தாள். மறைக்க ஒன்றும் இல்லை.

"அன்புள்ள ஐயாவுக்கு," என்று பெரியப்பா சத்தமாகத் தொடங்கினார். "நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்கச் செபிக்கிறன். இஞ்சை வாற சுவாமி ஒரு தாள் காட்டினவர். பாப்பரசரைப் பாக்க எந்தப் பங்கிலை இருந்து ஆர் வந்திருக்கினம் எண்டு பேர் இல்லாமல் வேலையை மட்டும் போட்டிருந்தது. கண்டல்துறை ஆலயப் பணியாளர் எண்டு இருந்தது. எனக்குச் சந்தோஷத்திலை கண் தெரியேல்லை. பூசைக்கு அடுத்த திங்கள் உங்களுக்கு என்னைப் பாக்க அந்தச் சுவாமி அனுமதி எடுத்து, நீங்கள் தங்கின இடத்துக்குச் சொல்லி அனுப்பினவர். நான்..."

பெரியப்பா நிறுத்தினார்.

"வாசியுங்கோ," என்றார் சிமியோன்.

"நான் காலமை சவரம் எடுத்து, கழுவின சேட்டுப் போட்டுக்கொண்டு நாலு மணி மட்டும் இருந்தனான். நீங்கள் வரேல்லை. கன சனத்துக்குள்ளை வழி தெரியாமல் போயிருக்கும். இல்லாட்டிப் பஸ்சுக்கு நேரம் போயிருக்கும். பரவாயில்லை ஐயா, எனக்குக் கோவம் இல்லை. பாப்பரசரைக் கிட்டத்திலை பாத்தனீங்களோ? அவர் எப்பிடி இருந்தவர் எண்டு எனக்கு எழுதுங்கோ."

முற்றத்தில் சனம் கதைத்துக்கொண்டுதான் நின்றது. ஆலயப் பணியாளரைத் தேடிச் செய்தி போன அந்தத் திங்கட்கிழமை, அலோசியஸ் ஏஜென்சிக்காரனின் வீட்டில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பான். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை அது, அதனால் இன்னும் கோபம் வந்தது. பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

சிமியோன் எழுந்தார். "பதில் எழுதவேணும். உந்த மண்டபத்திலை தாள் குடுக்கினம். வாருங்கோ மூப்பர்."

"பிலேந்திரன் எழுதட்டும்," என்றார் பெரியப்பா.

"இல்லை. நீங்கள் எழுதுங்கோ. நான் ஏன் வரேல்லை எண்டு என்ரை பிள்ளைக்கு நீங்கள்தான் எழுதவேணும்."

அவர் பெரியப்பாவிடம் இப்படிக் கதைத்து நான் கேட்டதே இல்லை. சத்தம் போடவில்லை. மணி அடிக்கக் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மண்டபத்தில் செஞ்சிலுவைக்கு உதவிக்கு வந்த குணலட்சுமி என்ற பிள்ளை இருந்தது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. தாளைக் கொடுத்து, குடும்பச் செய்தி மட்டும், அரசியல் வேண்டாம், சுருக்கமாக என்று சொன்னது. பெரியப்பா எழுதினார். ஊரில் எத்தனையோ பேருக்கு மூன்று பாஷையில் கடிதம் எழுதிய கை. முதல் தாளை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார் சிமியோன். 'உமது தந்தையாருக்கு அச்சமயம் கடும் காய்ச்சல்.'

"எனக்குக் காய்ச்சல் வரேல்லை," என்றார் சிமியோன். "வேறை எழுதுங்கோ."

இரண்டாவது தாள்: 'இறைவனின் சித்தம் வேறாக இருந்தபடியால்.'

"அவரின்ரை சித்தம் இல்லை அது, மூப்பர். வேறை எழுதுங்கோ."

குணலட்சுமி, தாள் வீணாகுது ஐயா என்றது. பெரியப்பா மூன்றாவது தாளை எடுத்தார். பிறகு குனிந்து, நிற்காமல் எழுதினார். அதை நான் வாசித்துக் காட்டினேன்.

'சூசைநாதன், உன் அப்பா கொழும்புக்கு வரவில்லை. அவருடைய இடத்தை நான் என் மருமகனுக்குக் கொடுத்தேன். அவர் உன்னைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் அது பாவம் என்று சொன்னேன். பிறகு இன்னொரு இடம் கிடைத்தபோது அதை என் சகோதரிக்குக் கொடுத்தேன். உன் அப்பா பையோடு என் படலையில் நின்றார். நீ காத்திருந்த நாள் அவருக்குத் தெரியாது. பேதுருப்பிள்ளை.'

சிமியோன் கண்ணை மூடிக் கேட்டார். "இது சரி," என்றார்.

குணலட்சுமி தாளை வாங்கிப் பார்த்தது. மேலே ஒரு கட்டத்தைப் பேனையால் தட்டியது. "இதை நிரப்பேல்லை. எழுதிற ஆள் என்ன உறவு? சொந்தக்காரற்றை கடிதம் மட்டும்தான் எடுக்கலாம், ஐயா."

பெரியப்பா பேனையைக் கீழே வைத்தார். தப்பிக்க ஒரு வழி கிடைத்ததா, அல்லது அடி விழுந்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "நான் ஒரு உறவும் இல்லைப் பிள்ளை," என்றார்.

"மாமன் எண்டு போடு பிள்ளை," என்றார் சிமியோன்.

குணலட்சுமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "சொந்த மாமனோ? உண்மையைச் சொல்லுங்கோ. பிறகு என்னைத்தான் கேப்பினம்."

"ஓம் பிள்ளை. மற்ற மருமக்கள் எல்லாரும் வெளிநாடு போட்டினம். இவருக்கு இஞ்சை மிச்சம் என்ரை மகன் ஒருத்தன்தான்."

பெரியப்பா தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்துக்குள் மாமன் என்று எழுதினார்.